பக்கத்தை மாற்றிய கை எது?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அச்சக உரிமையாளர் பொன்ராஜ் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ரஞ்சனி அவர்களே, மூடிய எஸ்டேட்டின் மூத்த பெரியோர்களே, கடலுக்கு அப்பாலும் இப்பாலும் கொழுந்து கிள்ளியே கைரேகை தேய்ந்த தாய்மார்களே, கட்டபெட்டுக் குளிரிலும் கலையாமல் அமர்ந்திருக்கும் தோழர்களே, சங்கச் செயலாளன் சுரேந்திரனின் வணக்கம் உங்கள் ஒவ்வொருவருக்கும்.

இன்று வெளியிடுவது பதினோரு பக்கக் கையேடு. கணினியில் புத்தகப் பக்கங்களை இடம் மாற்றும் ஒரு சின்னக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று ரஞ்சனி தமிழில் எழுதியிருக்கிறார். இதற்கொரு மேடையா, இதற்கொரு மைக்கா என்று முன்வரிசையில் முணுமுணுக்கிறார் ஒரு பெரியவர். சந்தேகப்படுங்கள் ஐயா. நான் பேச வந்ததே சந்தேகத்தைப் பற்றித்தான்.

தேயிலை விலை விழுந்தது, ஃபாக்டரி நின்றது, நாம் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொல்லி எஸ்டேட் நோட்டீஸ் வந்தது. இந்த மண்ணில் நாம் வாழ்ந்ததற்குச் சாட்சி எது? நாற்பது குடும்பங்களின் வாழ்க்கையை நூலாக்கி, இந்த வெளியேற்றத்தை விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுக்க முடிவு செய்தோம். ஒரு பக்கம் குடும்பத்தின் படம், எதிர்ப்பக்கம் அவர்களின் வாக்குமூலம். பக்கம் அமைத்தவர் பொன்ராஜ் அச்சகத்து ரஞ்சனி. பேசிய வரிசையில் கிடந்த பக்கங்களை வீட்டு எண் வரிசைக்கு மாற்ற, முன்பு அங்கிருந்த ஹெர்பர்ட் செய்துவைத்த கருவி இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கங்கள் தாமாகவே இடம் மாறும். எப்படி மாறும்? ஹெர்பர்ட்டுக்குத் தெரியும். அவரோ வேலை தேடிப் பெங்களூர் போய்விட்டார். ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

அச்சான மறுநாளே விசாரணை. அதிகாரி நூலைத் திறந்தார். ஆண்டாயி அம்மாளின் படத்துக்கு அருகே செல்லக்கண்ணுவின் வாக்குமூலம். குன்னூரில் பிறந்தவரா நீங்கள் என்று கேட்டார். அம்மாள் எழுந்து நின்று சொன்னார்: "நான் சிலோன்ல, அட்டன்ல பொறந்தவ தொரை. இதுல இருக்கிறது நான் சொன்ன பேச்சில்ல."

எதிர்த்தரப்பு வக்கீல் புன்னகைத்தார். நூல் முழுவதும் ஆள் மாறாட்டம் என்றார். விசாரணை மூன்று வாரம் தள்ளிப்போனது.

யார் செய்த வேலை? யார் சொல்லிச் செய்த வேலை? ரஞ்சனியின் அண்ணன் ஜீவா எஸ்டேட் ஆபீசில் எழுத்தர். போதாதா எனக்கு? நேரே அச்சகம் போனேன். எல்லார் முன்னாலும், அண்ணனுக்காக எங்களை விற்றுவிட்டாயா என்று கேட்டேன்.

ரஞ்சனி அழவில்லை. "என்னையச் சந்தேகப்படுங்க, வேண்டாங்கல. அந்தப் பொத்தானையும் சேத்துச் சந்தேகப்படுங்க. எனக்குப் பத்து நாள் குடுங்க" என்றார்.

கொடுத்தேன், நம்பிக் கொடுக்கவில்லை. நம் எல்லப்பனைக் காவலுக்கு அவர் அருகிலேயே உட்கார வைத்தேன். சிரிக்கிறீர்கள், அன்று நான் சிரிக்கவில்லை.

ரஞ்சனி துண்டுக் காகிதங்களில் எண் எழுதி மேசையில் பரப்பினார். எட்டுப் பக்கம் கொடுத்தால் கருவி என்ன செய்கிறது? ஒன்பது கொடுத்தால் என்ன செய்கிறது? எங்கே தொடங்குகிறது, எதை எடுக்கிறது, எங்கே வைக்கிறது? பார்த்ததை மட்டும் எழுதினார். ஊகித்ததை அடித்து நீக்கினார். ஏழாம் நாள் எல்லப்பன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணே, பக்கத்தை மாத்துனது நீங்கதான்."

ஆம் தோழர்களே. அச்சுக்குப் போகும் கடைசி நேரத்தில், என் படத்தையும் நூலில் போடுங்கள் என்று அடம்பிடித்தவன் நான். படம் மூன்றாம் பக்கமாக நுழைந்தது. முன்னுரை நான்காம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. கருவிக்கு அது தெரியுமா? குடும்பங்கள் முன்பு தொடங்கிய நான்காம் பக்கத்திலிருந்தே, வழக்கம்போல இரண்டிரண்டு பக்கமாகப் பிடித்து இடம் மாற்றியது. முன்னுரையோடு முதல் குடும்பத்தின் படம், முதல் குடும்பத்தின் வாக்குமூலத்தோடு அடுத்த குடும்பத்தின் படம்! இப்படியே நாற்பது குடும்பங்களும் பிரிந்தன. எஸ்டேட் செய்யாததை என் ஆசை செய்தது.

நூலைத் திருத்தி மீண்டும் அச்சிட்டோம். ஆண்டாயி அம்மாள் ஒவ்வொரு பக்கத்தையும் அந்தந்தக் குடும்பத்தின் முன் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் வெளியே விட்டார். அதிகாரி நூலை ஏற்றார். விசாரணை முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று உத்தரவிட்டார். வழக்கு முடியவில்லை. ஆனால் லயத்து அடுப்புகள் எரிகின்றன.

எனவே கேட்கிறேன்: கண்ணுக்குத் தெரியாமல் நம் பெயரை நகர்த்தும் எதையும் கேள்வி கேட்காமல் விடலாமா? அது செய்வதை நம் மொழியில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை நம்பிவிடாதீர்கள், செய்து பாருங்கள். எஸ்டேட்டைச் சந்தேகியுங்கள், எந்திரத்தைச் சந்தேகியுங்கள், மேடையில் நிற்கும் என்னையும் சந்தேகியுங்கள். ஆனால் ஆராய்ந்து பார்க்காத சந்தேகத்தை ஒரு பெண்ணின் தலையில் கொட்டாதீர்கள். நான் கொட்டினேன்.

ரஞ்சனி அவர்களே, எல்லார் முன்னாலும் பழித்தேன். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் அண்ணன் ஜீவாவிடமும் கேட்கிறேன். மன்னிப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. இந்தக் கூட்டத்துக்காக அவசரப்பட வேண்டாம்.

பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் தோழர்களுக்கும் நன்றி கூறி, ஒலிபெருக்கியை ரஞ்சனியிடம் ஒப்படைத்து அமர்கிறேன். வணக்கம்.