பன்னிரண்டு கூடை மணல்

— கூடைய கீழ வையி, ஆலிஸ். அது காலிக் கூடை.

— காலிக் கூடை இந்தக் கனம் கனக்குமா? மேல சாக்கு, அடியில... அக்கா, இது மணலு! எங்க சாந்தோம் மணலு!

— உங்க மணலா? மவராசி பட்டா எயுதிகினு வந்துட்டா!

— மூணு மாசமா, ஞாயித்துக்கெயம பூசை முடிச்சுட்டு தங்கச்சியப் பாக்க வர்றேன்னு வந்தியே, இதுக்குத்தானா?

— ஆமாண்டி. பன்னெண்டு வாட்டி அள்ளினு வந்து வாசல்ல கொட்டுனேன், இது பதிமூணாவது. பாரீஸாண்ட பஸ்ஸு மாத்தச் சொல்ல கண்டக்டரு கேக்குறான், இன்னா ஆயா, கூடையில திமிங்கலமான்னு. போவட்டும். ஊர்ல கீற மணலெல்லாம் உன் வாசல்லதான கெடக்குது! உன் புள்ளைங்க கட்டுமரத்தத் தண்ணியாண்ட இயுத்துகினு போறதுக்குள்ள நாக்கு தள்ளுது. இங்க பாரு. முந்தாநேத்து பக்கத்து வூட்டு சீனியம்மா வூடு கடலோட போச்சு. கூரை, அடுப்பு, கோயிக்கூண்டு, எல்லாம். அடுத்தது என் வூடு. அலைக்கும் அதுக்கும் நடுவுல பதினோரு அடி. காலையில கவுறு போட்டு அளந்தேன்.

— அதான் இட்டுகினு போவ வந்தேன். சட்டி பானையக் கட்டு.

— உன் மணல்ல குந்திகினு, உன் சோத்தத் துன்னவா? மாட்டேன். கடலு வந்தா கட்டிலோட போறேன்.

— சரி, வராட்டி போ. கொட்டுன மணலு எங்க? பன்னெண்டு கூடைக்கு ஒரு மேடுகூட காணோமே?

— அதான்டி பேஜாரு. இன்னிக்குக் கொட்டுனா நாளைக்கு இல்ல.

— அலையாண்ட வா, சொல்றேன். பொடவையத் தூக்கிக்கோ. காலைக் குறுக்க வெச்சு அசையாம நில்லு. அலை எப்டி வருது? நேராவா?

— நேரா எங்க வருது? தெக்கேர்ந்து கோணிகினு வருது.

— ஆங். கோணலா ஏறுது, நேரா எறங்குது. ஏறி எறங்கச் சொல்ல மணலு கொஞ்சம் வடக்க நவுந்துடும். மயை மாசத்துல தெக்க திரும்பும். மத்த மாசமெல்லாம் வடக்கதான் நடை. இப்போ கால பாரு. எந்தப் பக்கம் மணலு ஏறிச்சு?

— தெக்குப் பக்கம். வடக்குப் பக்கம்... அட, குயி வுயுதுடி!

— உன் காலுதான் நம்ம ரெண்டு பேரு கரைக்கும் நடுவுல கடல்ல கட்டுன ஹார்பர் செவுரு. தெக்க மேட்டுப் பக்கம் நான் கீறேன், வடக்க குயிப் பக்கம் நீ கீறே. வர்ற மணல செவுரு நிறுத்திடுச்சு. ஆனா உங்க பக்கத்து அலை சும்மா இருக்குமா? கெடக்குற மணலத் தூக்கிகினு எண்ணூருக்கு நடக்குது. எங்க வூட்டுக்காரரு ஹார்பர்ல மண்ணு வார்ற கப்பல்ல கீறாரே, அவரு சொன்னது.

— அப்போ என் பன்னெண்டு கூடையும் எண்ணூர்லயா? இன்னா அநியாயம்! எவ வாசல்ல கெடக்குதோ!

— இன்னா கோவம் பாரு! ஆனா நீ செஞ்சது தப்பில்லக்கா. தெக்க தேங்குனத அள்ளி வடக்க கொட்டணும், அதான் வயின்னு அவரும் சொல்றாரு. கப்பல் கப்பலா கொட்டணும். உன் கூடைதான் பத்தல.

— வாசல்ல கல்லு கொட்டுனா?

— உன் வூடு நிக்கும், வடக்க அடுத்த குப்பம் போவும். அதுவும் ஒரு காலுதான? நீங்கல்லாம் மணல்ல படர்ற அடப்பங்கொடிய ஆட்டுக்கு அறுக்காம வுட்டிருந்தா, மேட்டு மணலையாவது கொஞ்சம் புடிச்சு வெச்சிருக்கும்.

— உங்க பக்கம் கொடி வளருது, உனக்கு வாயி வளருது. வெள்ளக்காரன் போயி அஞ்சு வருசம் ஆச்சு, அவன் கட்டுன செவுரு போவல. அதுக்குப் பல்லாவரத்துக் கல்ல எறக்குனது யாரு? நம்ம நைனா! உனக்கோசரம் எறக்குனாரு போல!

— எனக்கோசரமா? நைனாவுக்கு யாருக்கா செல்லம்? பத்து கட்டுமரம் படுக்குற மணலோட இந்த வூட்ட யாருக்குக் குடுத்தாரு? என்னைக் கட்டிக் குடுத்த வூட்டுல அலை வந்து அடுப்ப அணைச்சுது.

— அது அப்போ.

— அப்போதான். கல்யாணமான வருசம் இதே வாசல்ல குந்தினு, நீ போட்ட சோத்தத் துன்னேன். பிச்சைச் சோறாப் பட்டுது.

— இன்னாடி சொல்றே?

— வூட்டுக்குத் திரும்பிப் போவச் சொல்ல மாதாவுக்கு மெயுகுவத்தி ஏத்துனேன். அக்கா மணலெல்லாம் என் வாசலுக்கு வரணும்னு. வருசா வருசம் ஏத்துனேன். நெசமாவே மணலு வரவும் பயந்துபோயி நிறுத்திட்டேன். செவுருதான் காரணம்னு அவரு எத்தினி வாட்டி சொன்னாலும் மனசு ஆறல.

— அடிப் பாவி.

— திட்டிக்கோ. ஆனா என் மணல்ல குந்தமாட்டேன்னு மட்டும் சொல்லாதே. எந்திரி, கட்டிலத் தூக்கு. நாப்பது வருசமா அங்க உன் மணல்லதான்க்கா நான் குந்தினு கீறேன்.