தெப்பத்துக்கு மோட்டாரு

கிட்ட வந்து உக்காரு தம்பி. அந்த ஓரத்துல உக்காந்தீன்னா பஸ்ஸு வர்றப்ப புழுதி அப்டியே டீயில வுழும். பைய இப்டி வெய்யி. அம்மாடி, இன்னா கனம்! ஸ்பேனருங்களா? பாண்டிச்சேரியில இருந்து இத தூக்கிக்கினா வந்த? திண்டிவனத்துல பஸ்ஸு மாறுனப்ப எவனாவது ஒரு கை குடுத்தானா? குடுக்க மாட்டானுங்க.

இல்ல இல்ல, சரியான எடத்துலதான் எறங்கியிருக்க. தெப்ப மோட்டாரு பாக்க வந்த மெக்கானிக்கு நீதானே? அத கேட்டுக்கினுதானே உன்ன உக்கார வெச்சேன். கோயில் தர்மகர்த்தா பாண்டுரங்கம் ஐயா உன்ன கூப்புட ஆளு அனுப்புவாரு. கொளம் பக்கந்தான், ராஜகிரி அடிவாரம். டீ வருது, குடி. அதுக்குள்ள மோட்டாருக்கு இன்னா நோவுன்னு நான் சொல்லிட்றேன். வைத்தியரு கைய புடிச்சி பாக்குறதுக்கு முன்னாடி நோயாளி கத தெரிஞ்சா நல்லதுதானே.

என் பேரு அரங்கநாதன். அம்மன் தெப்பத்துக்கு வருசா வருசம் வடம் புடிக்கிறவங்க நாங்க. தெப்பத்துல அம்மன் உக்காந்திருக்கும், நாங்க கரைமேல நடந்துகினே கயித்துல இழுப்போம். கொளத்த மூணு சுத்து வரும். மொதல் வடத்த தொட்றவனுக்கு பரிவட்டம் கட்டுவாங்க. அவன் கை வெச்சாத்தான் பம்பை அடிக்கும், பம்பை அடிச்சாத்தான் அம்மன் நவுரும். எங்க நைனா தொட்டாரு. அப்புறம் என் கூடப் பொறந்தவன் துரைராஜி தொட்டான். மூத்தவன் நான்தான், ஆனா எனக்கு வாயில இருக்குற பலம் அவனுக்குக் கையில.

இரு... ஒண்ணுமில்ல. பம்பை சத்தம் மாதிரி கேட்டுச்சி. மல்லாட்ட லோடு லாரி.

எங்க வுட்டேன்? ஆங். இந்த வருசம் வடமே வேணாம்னுட்டாரு பாண்டுரங்கம். உங்க ஊர்ல எவனோ வெள்ளக்காரன் படகுல மாட்டி ஓட்டிக்கினு இருந்த மோட்டாராம், அவன் கப்பலேறி போறப்ப வித்துட்டுப் போனானாம். பச்ச பெயின்ட்டு, சொறி நாயி மாதிரி அங்கங்க உரிஞ்சி கெடக்குது. அத கொண்டாந்து தெப்பத்துப் பின்னாடி பலக அடிச்சி மாட்டுனாரு. இனிமே கயிறும் வேணாம், கயிறு புடிக்கிறவனும் வேணாம்னு மார தட்டுனாரு. பாத்தா, அந்த மோட்டாரு தலையிலயே கயிறு சுத்தி இழுத்தாத்தான் கெளம்புது! கரையில இருந்து நான் சிரிச்சிட்டேன். ஏங்க, இந்த வடத்துக்காவது எங்காளு வேணுங்களான்னு கேட்டேன். மொறைச்சாரு பாரு, கற்பூரம் தானா பத்திக்கும்.

நோவு சொல்றேன் கேளு. போன வெள்ளிக்கெழம ஓட்டிப் பாத்தாங்க. கெளம்புறப்ப நல்லா கெளம்புது. கன்னுக்குட்டி மாதிரி துள்ளிக்கினு போவுது. நடு மண்டபத்த தாண்டுனதும் சத்தம் கம்முது, இழுவ இல்ல, எளைப்புக்காரன் மாதிரி இருமிக்கினே நின்னுடுது.

பிளக்கா? அதத்தான் மொதல்ல கழட்டுனாங்க. நம்ப பம்புசெட்டு மேஸ்திரி உப்புத்தாள் போட்டு தேச்சான், பொறி நல்லா வருது. பெட்ரோல்ல தண்ணி இருக்கும்னு வேட்டித் துணியில வடிகட்டி ஊத்துனான். எண்ணெ ஜாஸ்தி கலந்துட்டோமோன்னு எல்லாத்தயும் கொட்டிட்டு புதுசா கலந்தான். கீழ தண்ணியில சுத்துற விசிறியில அல்லித்தண்டு சுத்திக்கினு கெடந்துச்சி, அதயும் அறுத்து எறிஞ்சான். ஊஹூம். இதுல வேடிக்க இன்னான்னா, நின்னதும் பெட்ரோலு இருக்குதான்னு மூடிய தொறந்து எட்டிப் பாப்பான். டாங்குல பாதி இருக்கும். மூடிட்டு கயித்த இழுத்தா ஒடனே கெளம்பிடும்! கொஞ்ச தூரம் ராஜா மாதிரி போவும். மறுபடி இருமும்.

இன்னா, டீய கீழ வெச்சிட்ட? யோசனையா? குடிச்சிக்கினே யோசி.

ஜனங்க இன்னா பேசுது தெரியுமா, வடத்த ஒதுக்குனது அம்மனுக்கு ஆவலன்னு. பாண்டுரங்கத்துக்கும் உள்ளுக்குள்ள ஒதறல்தான். அதனால ஒவ்வொரு தரமும் கெளப்புறதுக்கு முன்னாடி மோட்டாருக்குப் பூச. எலுமிச்சம்பழம், கற்பூரம், சாமந்தி மால. அப்புறம் பொட்டு வெக்கணுமே. லாரின்னா முன்கண்ணாடியில வெக்கலாம், ஏருன்னா மேழியில வெக்கலாம். இந்த மோட்டாருக்கு நெத்தி எது? எல்லாரும் சுத்தி சுத்தி பாக்குறாங்க. சந்தனம் அரைக்கிற பொம்பள சொன்னா, உச்சியில ஒரு மூடி இருக்குதே, அதான் நெத்தின்னு. பாண்டுரங்கம் பூரிச்சிப் போயி, உன் கையாலயே வெச்சிடும்மான்னாரு. அவளும் கொழைச்சி அப்பி, நடுவுல குங்குமம் வெச்சா. பாக்க அம்மன் மொகம் மாதிரியே இருந்துச்சி.

யாரா? அம்மாக்கண்ணு. துரைராஜி பொண்டாட்டி, எங்க வூட்டு மருமவ. அம்மனுக்கு சந்தனம் அரைக்கிறது அவ மொற. வடத்த புடுங்குனாரே தவிர அந்தாளு சந்தனக்கல்ல புடுங்கல. வேற யாரு அரைப்பா? தோளு கழண்டு போவும்.

வடத்த ஏன் புடுங்குனாரா? கேப்பன்னு பாத்தேன்.

போன வருசம் குடோன்ல கெடந்த வடத்த எடுத்துப் போட்டாரு. எலி தின்ன வடம். துரைராஜி கையில வாங்குனதுமே சொன்னான், ஐயா, நடுவுல நாரு இத்துப் போயிருக்குது, இது தாங்காதுன்னு. அதெல்லாம் தாங்கும், புடிடான்னாரு. ரெண்டாவது சுத்துல படார்னு அறுந்துச்சி. முன்னாடி இருந்தவன் அவன்தானே, குப்புற போயி படிக்கல்லுல வுழுந்தான். இடுப்பு போச்சி. தெப்பம் ஆடி, அம்மன் கொட தண்ணியில வுழுந்துச்சி. ஊரே அய்யோன்னு வாயில அடிச்சிக்கிச்சி. அப்ப பாண்டுரங்கம் கரைமேல நின்னு கத்துனாரு, குடிச்சிட்டு வந்து வடம் தொட்டான், அம்மன் தள்ளிவுட்டுடுச்சின்னு.

உனக்குப் புரியாது தம்பி, நீ பாண்டிச்சேரிக்காரன். உங்க ஊர்ல சாராயம்னா கட. மதுவிலக்கு இருக்குற எங்க ஊர்ல அது கேசு. ஒரு போலீஸ்காரரு வந்து, எலும்பு ஒடைஞ்சி கெடக்குறவன குனிஞ்சி வாய ஊதுன்னாரு. வலியில கத்திக்கினே ஊதுனான். ஒரு வாசனயும் இல்ல. அவரு போயிட்டாரு, வார்த்த போவல. என் தம்பி பொண்ணு ஜெயத்துக்கு அவலூர்பேட்டையில எடம் பேசி தட்டு மாத்தியிருந்தோம். குடிகாரன் சம்மந்தம் எங்களுக்கு வேணாம்னு தட்ட திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தப் பொண்ணு அப்புறம் கோயில் பக்கமே போவல.

அம்மாக்கண்ணு அழுவல. அழுதிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். புருசனுக்கு கால அமுக்கிக்கினே சொன்னா, மாமா, எந்தக் கரையில நின்னு சொன்னாரோ அந்தக் கரையில, எந்த வாயால சொன்னாரோ அந்த வாயால, மாத்தி சொல்லணும். சொல்ல வெப்பேன்னு. அவ்ளோதான். அப்புறம் எழுந்து போயி ஒலை வெச்சா.

எனக்கா? எனக்கு பஜார்ல அந்தாளு வெச்சிருக்குற கடைக்கு நெருப்பு வெக்கணும்னுதான் இருந்துச்சி. நெருப்பு வெச்சா அவருக்கு ஊரே பாவப்படும் மாமான்னா. சரின்னு கைய கட்டிக்கினேன்.

இன்னா? மூடியிலயா? இரு, எழுந்திரிக்காத. டாங்கு மூடியில காத்து போற ஓட்ட இருக்குதா? அது அடைச்சிக்கினா பெட்ரோலு கீழ எறங்காதா? ஓகோ, மூடிய தொறந்தா காத்து உள்ள போயிடுது, அதான் மறுபடி கெளம்புது! அட, ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள கண்டுபுடிச்சிட்டியே. கெட்டிக்காரன்யா. ஒரு குச்சி போதும்ன்ற. குச்சி பத்தாது தம்பி. சந்தனத்துல வேப்பம்பிசின் கலந்து அரைச்சிருக்கா. காஞ்சா கல்லு, தண்ணி பட்டாத்தான் எளகும்.

அவளுக்கு எப்டித் தெரியுமா? கிருஷ்ணாயில் விக்கிறவப்பா அவ. டின்னுல ஒரு ஓட்ட போட்டா எண்ணெ எறங்காது, காத்துக்கு இன்னொண்ணு போடணும். தெனம் பாக்குறதுதானே.

பைய வுடு. கோச்சிக்காத. ஒனக்கு ஒரு கெடுதலும் பண்ணல, டீதானே குடுத்தேன்? பெரியவன் கேக்குறேன், கொஞ்சம் உக்காரு. இப்ப கொளத்துல இன்னா நடக்குதுன்னு சொல்லிட்றேன், அப்புறம் போறதுன்னா போ.

இன்னிக்கித்தான் தெப்பம். அம்மன் ஏறி உக்காந்தாச்சி, நடுக்கொளத்துல நின்னுட்டா இன்னா பண்றதுன்னு மோட்டார கெளப்பாம கரையோரமா நிறுத்தி வெச்சிருக்காங்க. வெளக்கு வெக்கிறதுக்குள்ள அம்மன் நவுரணும். ஏறுன அம்மன நவுராம எறக்குனா, பாண்டுரங்கம் அப்புறம் ஊருக்குள்ள தலை காட்ட முடியாது. எங்காளுங்க புதுசா முறுக்குன வடத்தோட படியில உக்காந்திருக்காங்க. முன்னாடி துரைராஜி, ஊனுகோலோட. வாங்கடா, வந்து இழுங்கடான்னு அவரே கூப்புட்டாரு. அம்மாக்கண்ணு எழுந்து நின்னு, குடிகாரன் கை அம்மன் வடத்த தொடலாங்களா? தொடலாம்னு நீங்களே ஊருக்கு சொல்லிடுங்கன்னா. அவலூர்பேட்டக்காரங்களும் தெப்பம் பாக்க வந்து அதே கரையிலதான் நிக்கிறாங்க. நான் கெளம்பி வர்றப்ப அந்தாளு, பாண்டிச்சேரி மெக்கானிக்கு வந்துடுவான், வந்துடுவான்னு ரோட்டப் பாத்துக்கினு நிக்கிறாரு.

நீ இங்க டீ குடிச்சிக்கினு இருக்குற.

இரு. இந்தத் தரம் லாரி இல்ல. கேக்குதா? நல்லா கேளு. பம்பை! துரைராஜி வடத்த தொட்டுட்டான்யா! அப்டின்னா அந்தாளு சொல்லிட்டாரு. வடந்தான் இத்துப்போன வடம், துரைராஜி குடிக்கலன்னு, அத்தினி பேரு முன்னாடி, அந்த வாயால. பக்கத்துல நின்னு காது குளிர கேக்கணும்னு எனக்கும் ஆசதான். ஆனா உன்ன யாரு பாத்துக்கறது?

வா, இப்ப போலாம். பைய நான் தூக்கறேன். கூப்புட வர்ற ஆளா? கனகராஜின்னு ஒருத்தன். பாவம், மத்தியானத்துல இருந்து திருவண்ணாமல ரோட்டு புளியமரத்தடியில உக்காந்திருக்கான். கூட்டத்துக்கு இன்னிக்கி பஸ்ஸெல்லாம் அங்கதான் நிக்கும்னு அவன்கிட்ட சொன்னது அம்மாக்கண்ணுதான். பசிச்சா எழுந்து வந்துடுவான்னு மோர்ச்சோறும் கட்டிக் குடுத்திருக்கா. என்ன இங்க அனுப்பிட்டா. நீ பேச ஆரம்பிச்சா யாரு மாமா எழுந்து போவ முடியும்னா.

மோட்டாரா? போயி இழுத்துப் பாரு, ஒரே இழுப்புல கெளம்பும், ஓட ஓட நிக்காது. சந்தனந்தான் அடைச்சிக்கினு இருந்துச்சின்னு நீ யாருகிட்ட வேணா சொல்லு. பம்பை அடிச்சா எல்லார் கண்ணும் வடத்துமேல இருக்கும். அந்த நேரத்துல அவ முந்தானைய தண்ணியில நனைச்சி அந்த மூடிய பளிச்சினு தொடச்சிட்டு, ஊசியால ஓட்டைய குத்தி வுட்டுட்டு, புதுசா ஒரு பொட்டு வெச்சிருப்பா. ஓட்டைக்குக் கொஞ்சம் தள்ளி.