பெயர் அழித்த நாற்காலி

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, துணையை இழந்து நிற்கும் பாஸ்கல் ஐயா அவர்களே, எங்கள் மாதர் நலச் சங்கத்தின் சகோதரிகளே, திண்டுக்கல்லிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் தலைவியாக இருந்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, சேவைச் செம்மல் ரோஸ்மேரி அக்கா. இந்த மேடையில் அவர் பேச, செயலாளர் பாஸிலாவாகிய நான் நன்றி சொல்வதுதான் வழக்கம். இன்று அவரில்லாமல் நான் பேசுகிறேன். எப்படிப் பேசுவேன்?

கண் சிகிச்சை முகாம் யாரால் நடந்தது? அக்காவால். சின்னாளப்பட்டி நெசவாளர் வீட்டுப் பெண்கள் கல்லூரிக்குப் போனது யாரால்? அக்காவால். அதெல்லாம் நீங்கள் அறிந்ததே. நான் சொல்ல வந்தது எங்கள் சண்டையைப் பற்றி.

நடக்க முடியாதவர்களுக்கு இரவல் கொடுக்க ஆறு சக்கர நாற்காலிகள் வாங்கினோம். ஒவ்வொன்றின் முதுகிலும் ‘மாதர் நலச் சங்கம் உபயம்’ என்று சிவப்பு பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதவைத்தவள் நான். கோயில் டியூப் லைட்டில்கூட வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதுகிற ஊர்க்காரிதானே நானும்!

முதல் நாற்காலி சேவுகம்பட்டி பேச்சாயி அம்மாவுக்குப் போனது. சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனோம். நாற்காலி மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அவர் தரையில் தவழ்ந்து வந்தார். ஏன் என்று அக்கா கேட்டார்.

“வீட்டுக்குள்ள தவழ்ந்தே போயிக்குவேன் டீச்சரம்மா. வாசலுக்குப் போனா, தருமத்துக்கு வாங்கினதுன்னு எம் முதுகுல எழுதி ஒட்டின மாதிரி இருக்கு.”

அக்கா உடனே வத்தலக்குண்டுக்கு ஆளனுப்பிப் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வாங்கிவரச் செய்து, தன் கையாலேயே எழுத்தைத் துடைத்தார். எனக்கோ கோபம். பெயர் தெரியாவிட்டால் நாளைக்கு யார் கொடுப்பார்கள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை போட்டேன்.

“குடுத்தவளுக்குத் தெரியும், வாங்கினவளுக்குத் தெரியும். தெருவுக்கு எதுக்கு பாஸிலா?” என்றார்.

செயற்குழுவில் வாக்கெடுத்தோம். எல்லோரும் என் பக்கம். தலைவி தோற்றார். மீதி ஐந்து நாற்காலிகளிலும் எழுத்து அப்படியே இருந்தது. அதன்பிறகு ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருப்பாரா? இல்லை.

சென்ற ஆண்டு புற்றுநோய் அவர் எலும்புக்குப் போனது. புது நாற்காலி வாங்கித் தருகிறேன் என்றார் அவர் கணவர் பாஸ்கல் ஐயா. அக்கா கேட்கவில்லை. எல்லோரையும் போலப் பதிவேட்டில் கையெழுத்திட்டுச் சங்கத்து நாற்காலியையே வாங்கிக்கொண்டார். ஞாயிறுதோறும் அதில்தான் கோயிலுக்குப் போனார். ஒரு ஞாயிறு நான் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் ஒரு பெண் என்னை நிறுத்தி, “பாவம், இந்தம்மாவுக்கு யாருமில்லையா?” என்று கேட்டார்.

ஊருக்கே தாயாக இருந்தவரைப் பார்த்து அப்படிக் கேட்டார்! கேட்டவர் மேல் குற்றமில்லை. நான் எழுதவைத்ததைத்தான் அவர் படித்தார். அக்கா சிரித்தார். நான் தலை குனிந்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி அக்கா என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். வீம்புதான், வேறென்ன? அதற்குள் அக்கா போய்விட்டார்.

உங்கள் கையிலிருக்கும் தீர்மானத்தில், அவர் நினைவாக வாங்கப்போகும் பத்து நாற்காலிகளிலும் அவர் பெயரைப் பொறிப்பது என்றிருக்கிறது. அதை எழுதியதும் நான்தான். பட்டும் புத்தி வரவில்லை! அந்த ஒரு வரியை அடித்துவிடும்படி உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். நாற்காலிகள் வரட்டும். பெயர் வேண்டாம். இனி எங்கள் சங்கம் கொடுக்கும் எதிலும் பெயர் இருக்காது. இது அக்காவுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

அந்த ஐந்து நாற்காலிகளையும் நேற்று நானே துடைத்தேன். என் கையில் இன்னும் தின்னர் வாடை போகவில்லை.

பேச்சாயி அம்மா இங்கே வந்திருக்கிறார். மூன்றாவது வரிசை ஓரத்தில் இருக்கிறார். பெயரில்லாத அந்த நாற்காலியில், தெருவெல்லாம் பார்க்க, இந்த மண்டபத்து வாசல் வழியாகத்தான் வந்தார்.

நீங்கள் சொன்னதுதான் சரி, அக்கா.