வால்காக்கை மக்களே

யோரூன்: இல்லம்மா. மறுபடியும் காக்காதான் வந்துச்சு.

சன்னிவா: காக்கா எங்கடி வந்துச்சு? நல்லா காது கொடுத்துக் கேளு. ஷேரெ...

யோரூன்: வந்திருச்சு. வாலோட வந்திருச்சு. நம்ம நார்வே பாஷையில ‘ஹ்யேரெ’ன்னா அன்பு. ‘ஷேரெ’ன்னா வால்காக்கை. ரேடியோவுல பேச ‘அன்பான நாட்டு மக்களே’ன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நீங்க ‘வால்காக்கை மக்களே’ங்கறீங்க.

சன்னிவா: நம்ம ஜனங்க கோவிச்சுக்க மாட்டாங்க.

யோரூன்: கோவிச்சுக்காம? ஊர்ல இருந்த ரேடியோவை எல்லாம் ஜெர்மன்காரன் பிடுங்கிட்டான். மிச்சம் மீதியை உருளைக்கிழங்கு மூட்டைக்குள்ள ஒளிச்சு வச்சுக் கேக்குறாங்க. மாட்டினா ஜெயில். அப்படி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கேட்டா, லண்டன்ல உக்காந்துக்கிட்டு நார்வே இளவரசி அவங்களைக் காக்காங்கறாங்க.

சன்னிவா: நான் என்ன பண்ண? இந்த ஊர் பல் வைத்தியன் வச்ச பொய்ப்பல்... நாக்கு போய் இடிக்குது.

யோரூன்: நாக்கை மேல தூக்காதீங்க. பூனை சீறுமே, அது மாதிரி. ஹ்ய்ய்...

சன்னிவா: ஷ்ஷ்ஷ்...

யோரூன்: அது பிள்ளையைத் தூங்க வைக்கிறது.

சன்னிவா: மூணு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு உன்கிட்ட பாடம் படிக்கிறேன். அரண்மனைச் சமையக்காரி யாராவது இப்படி அதட்டுவாளா?

யோரூன்: அரண்மனையில இருந்தா அதட்ட மாட்டேன். வாடகை வீட்டுல கரி அடுப்பை நீங்களும் நானும்தானே ஊதுறோம்... அம்மா, அந்த விஷயம் கேட்டீங்களா?

சன்னிவா: எது?

யோரூன்: என் வீட்டுக்காரர் விஷயம்.

சன்னிவா: கேட்டேன். ‘யோரூன் உயிரோட இருக்கா, எய்லிவுக்குச் சொல்லவும்’னு பேச்சோட கடைசியில நானே எழுதி வச்சேன். ரேடியோ அதிகாரி ஹௌகன் நீலப் பென்சிலால அடிச்சுட்டாரு. பேர் வந்தா எய்லிவைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களாம்.

யோரூன்: அதுவும் சரிதான்... சரி விடுங்க. ஹ்யேரெ.

சன்னிவா: அந்த மீன்காரன் சொன்னது நிஜம்தானா?

யோரூன்: எங்க ஊர்ல இருந்து ஷெட்லாண்டு தீவுக்குத் தப்பி வந்தவன் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? நான் ஏறின படகு மூழ்கிருச்சுன்னு ஊர்ல முடிவே பண்ணிட்டாங்க. பாதிரியார் ஜெபம் பண்ணியிருக்காரு. எல்லாரும் காப்பி குடிச்சுட்டுப் போயிருக்காங்க.

சன்னிவா: காப்பியா! போர்க்காலத்துல காப்பி ஏது?

யோரூன்: பட்டாணியை வறுத்து. என் சாவுக்குப் பட்டாணிக் காப்பி! அதையும் விடுங்க. ரொட்டிக்கடை விதவை தோர்டிஸ் தினம் மீன் சூப்பு கொண்டு வந்து கொடுக்கிறாளாம். ஆறுதலுக்கு.

சன்னிவா: சூப்புதானே?

யோரூன்: கோடைத் திருநாள் அன்னைக்கு அவளுக்கும் இவருக்கும் கல்யாணமாம். இன்னும் பத்து நாள். கடுதாசி போட்டா அவங்களுக்குப் பிள்ளை பிறந்தப்புறம்தான் போய்ச் சேரும்.

சன்னிவா: எய்லிவ்கிட்ட ரேடியோ இருக்கா?

யோரூன்: படகுக் கொட்டகையில இருக்கு. ஒளிச்சு வச்சதே நான்தான். ஒரு நாள் தவறாம கேப்பாரு... வாங்க, மைக்கு முன்னால உக்காருங்க, ஹௌகன் வர்ற சத்தம் கேக்குது.

ஹௌகன்: வணக்கம், இளவரசி. பதிவுத் தட்டு ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது. பிசகினா சாயங்காலம் ஒலிபரப்ப வேற இல்லை. முதல் வரியை ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.

சன்னிவா: வால்காக்கை நாட்டு மக்களே...

ஹௌகன்: ஐயோ.

யோரூன்: நேத்தைக்கு இது எவ்வளவோ தேவலைங்க.

ஹௌகன்: ‘மதிப்புக்குரிய’ன்னு மாத்திடலாமா?

சன்னிவா: வரி கட்டச் சொல்லி வர்ற நோட்டீஸ் மாதிரி இருக்கும். அந்த முதல் வரியை மட்டும் வேற யாராவது சொல்லட்டுமே.

ஹௌகன்: நான் சொல்றேன்.

சன்னிவா: உங்க குரலைக் கேட்டா வானிலை அறிக்கைன்னு நினைச்சு மூடிடுவாங்க. பொம்பளைக் குரல் வேணும்.

ஹௌகன்: இந்தக் கட்டடத்துல பொம்பளைங்க...

சன்னிவா: இதோ நிக்கிறாளே.

ஹௌகன்: இவங்களா? இவங்க பேச்சு... தப்பா நினைக்காதீங்க... மேற்குக் கரை மீன் சந்தையாச்சே!

சன்னிவா: மேற்குக் கரையும் நார்வேதான். இல்ல, அதையும் பென்சிலால அடிச்சுட்டீங்களா?

ஹௌகன்: சரி, சரி. பேர் எதுவும் வரக்கூடாது.

யோரூன்: வராதுங்க.

ஹௌகன்: ஒரே வரி. மெதுவா. தட்டுல பதியிற ஊசி ரொம்ப மெல்லிசு. மூணு... ரெண்டு...

யோரூன்: அன்பான நாட்டு மக்களே! யாரும் அவசரப்பட்டு ஒண்ணும் முடிவு பண்ணிடாதீங்க! கடல்ல போனவங்க எல்லாரும் செத்துடலை! வருவாங்க! வந்து கேள்வி கேப்பாங்க!

ஹௌகன்: எழுத்துல இல்லையே... இது எழுத்துல...

சன்னிவா: சன்னிவா பேசுறேன். இப்போ கேட்டீங்களே, என் பேச்சும் அதேதான். வீட்டைப் பூட்டாதீங்க, நம்பிக்கையை விடாதீங்க. வணக்கம்.

ஹௌகன்: முடிஞ்சுதா? ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேனே!

சன்னிவா: மிச்சமெல்லாம் பொய்ப்பல்லுக்கு ஆகாத வார்த்தை.

ஹௌகன்: ஆனா... என்னமோ பண்ணுது. மாலுமிகளோட குடும்பங்களுக்கு எவ்வளவு ஆறுதல்! அந்தக் ‘கேள்வி கேப்பாங்க’ இருக்கே... நாட்டைக் காட்டிக் கொடுத்தவங்களைத்தானே?

யோரூன்: துரோகிங்களைத்தாங்க. சூப்பு கொடுத்தே கெடுக்கிறவங்க இருக்காங்க.

ஹௌகன்: சூப்பா?

சன்னிவா: கிராமத்துச் சொலவடை. நீங்க தட்டைக் கொண்டு போங்க, உடைஞ்சிடப் போகுது.

ஹௌகன்: இதோ, நானே கொண்டு போறேன்.

யோரூன்: போயிட்டாரு... கேப்பாராம்மா, என் வீட்டுக்காரர்?

சன்னிவா: ரேடியோ இல்லாமலே கேட்டிருக்கும். எனக்கு இன்னும் காது அடைக்குது.

யோரூன்: உங்களுக்கு மட்டும் அந்த வார்த்தை ஒழுங்கா வந்திருந்தா, என்னை அந்த மைக்குக்கிட்டயே விட்டிருக்க மாட்டாங்க.

சன்னிவா: ஆமா. பாழாப்போன பல்லு.

யோரூன்: நேத்து சமையக்கட்டுல எலி ஓடினப்போ மேசை மேல ஏறி நின்னு ‘அன்பான கடவுளே’ன்னு மூணு தடவை கத்தினீங்க. மூணு ‘ஹ்யேரெ’யும் சுத்தம். நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்.

சன்னிவா: அடிப்பாவி! நேத்தே தெரியுமா? அப்புறம் எதுக்குடி இன்னைக்குக் காலையில ரெண்டு மணி நேரம் பாடம் எடுத்தே?

யோரூன்: வராத மாதிரி நடிக்கிறது உங்களுக்கு இன்னும் சரியா வரலியேம்மா. அதுக்குத்தான்.