ஜாமீன் கிடைத்த பிறகும்

மும்பை. செவ்வாய்க்கிழமை காலை 10.12 தாணே லோக்கல் ரயில், பெண்கள் பெட்டி. சயான் ஸ்டேஷனில் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் ஜெயிலில் இருக்கும் கணவனைப் பார்க்கப் போகிறாள், மூத்தவள் துணைக்கு.

"ஜாமீன் கெடச்சு மூணு மாசமாச்சு ராத்தா, இன்னும் உள்ளதான் இருக்காவ."

"சொந்தத் தையல் மிஷினை எடுத்ததுக்கா இவ்வளவு நாளு?"

"அடுக்குமாடி டவர் கட்டுத கம்பெனி எங்க பட்டறையைச் சுத்தித் தகரம் அடிச்சிட்டுல்லா. அதுக்குள்ள போனது திருட்டாம். வெளிநாட்டுக்காரன் பணம் போட்ட எடம், லேசுல விடமாட்டாங்கன்னு வக்கீல் சொல்லுதாரு."

"ஒன் கொழுந்தன் ஜாமீன் நின்னானே?"

"அவன் விலாசத்தைச் சரிபாக்கப் போலீஸ் வந்துச்சு. அதுக்குள்ள நாங்க எல்லாரும் ஒண்ணா இருந்த வீட்டையும் இடிச்சிட்டாங்க. வீடு இல்லாதவன் ஜாமீன் நிக்க முடியாதாம்."

மூத்தவள் சிரித்தாள். "ஜெயிலைத்தான் எவனும் இடிக்க மாட்டான்."

இளையவள் சிரிக்கவில்லை. "தம்பி ஏமாத்திட்டான்னு அவுக நெனச்சிட்டிருக்காவ. அவன் பேரைச் சொன்னாலே மூஞ்சியைத் திருப்பிக்கிடுதாவ."

"வீடு போனதைச் சொல்ல வேண்டியதுதானட்டி?"



"சொன்னா, நானும் பிள்ளையளும் எங்க படுக்கோம்னு கேப்பாவ."