மேற்குச் சுவர் ஊளையிடுது

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்கம்மா. நாற்காலிய இழுத்துப் போட்டுக்குங்க. இந்தக் காத்து அடங்கற வரைக்கும் நான் பேசறது உங்களுக்குப் பாதிதான் கேக்கும். ஆமா, அந்தச் சத்தம்தான். மேற்குச் சுவத்துலேர்ந்து வருது. நாயும் இல்ல, பேயும் இல்ல, சுவருதான் ஊளை விடுது. நீங்க கார விட்டு எறங்கினப்ப இல்லதான். காத்தும் உங்களோடயே உள்ள வந்துடுச்சு.

அந்தப் பச்ச பாட்டிலா? இருக்கட்டும், அதுக்கு வரேன். காபி ஆறிடப் போகுது.

வீடு நல்ல வீடும்மா. ஒவ்வொரு ஆணியும் நான் அடிச்சது. படகு வேலைய விட்டப்புறம் பன்னெண்டு வருஷமா இதான் எங்க பொழப்பு. இடிஞ்சு கெடக்கிற வீடா பாத்து வாங்குவோம், சரி பண்ணுவோம், குடியிருந்துக்கிட்டே விப்போம், அடுத்ததுக்குப் போவோம். நானும் தோராவும். தோரா என் பொண்டாட்டி, அதோ தோட்டத்துல குனிஞ்சிட்டிருக்காளே, அவதான். ஆறு வீடு போயிடுச்சு, இது ஏழாவது.

என்ன கத்துக்கிட்டேனா? நல்லா கேட்டீங்க. மொதல்ல கூரை, அப்புறம்தான் உள் வேலை. மொத வீட்டுல சமையலறைய முடிச்சிட்டுக் கூரையப் பிரிச்சேன். ஒரே மழையில புது அலமாரியெல்லாம் ரொட்டி மாதிரி உப்பிப் போச்சு. அப்புறம், சுவத்துக்கு வெள்ளையத் தவிர எதுவும் பூசக்கூடாது. தோராவுக்கு மஞ்சள்னா உசுரு. வாங்க வரவங்களுக்கு உன் மஞ்சள் எதுக்குடின்னு ஆறு வீட்டுலயும் வெள்ளையே அடிச்சேன். பக்கத்து வீட்டுக்காரங்க பேரக் கேட்டு வச்சுக்கக் கூடாது. கெளம்பறப்ப கஷ்டமா இருக்கும்.

செடி நடக்கூடாதுன்னும் சொன்னேன். அது ஒண்ணுதான் அவ கேக்கல. எங்க போனாலும் மொத வாரமே ரூபார்ப் கிழங்க ஊணிடுவா. செவப்புத் தண்டு, நல்ல புளிப்பு. ஆனா மொத ரெண்டு வருஷம் அதத் தொடக்கூடாதும்மா, வேர் பிடிக்கணும். மூணாவது வசந்தத்துலதான் ஒடிக்கலாம். நாங்க எந்த வீட்டுல ரெண்டு வருஷம் தாண்டினோம்? ஆறு வீட்டு ரூபார்ப்பையும் யார் யாரோ தின்னாங்க. நாலாவது வீட்டுல ஒரு தடவ சொன்னா, ஒரு தண்டாவது நான் கடிச்சுப் பாக்கணும்னு. நான் வாயில பென்சிலக் கடிச்சுக்கிட்டு ஜன்னல அளந்துட்டிருந்தேன். ம்னேன். அவ்வளவுதான்.

சத்தத்துக்கு வரேன். இங்க கூரைச் சட்டம் ஏத்தின அன்னைக்கு வேலையாளுங்களுக்கு பீரும் சாஸேஜும் போட்டு விருந்து வைக்கணும், உச்சியில இலை வளையம் கட்டணும். ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியாததா. விக்கப் போற வீட்டுக்கு எதுக்கு விருந்துன்னு நான் எந்த வீட்டுக்கும் வச்சதில்ல. இந்த மேற்குச் சுவரக் கட்டினவன் எய்னர். கிழட்டுக் கொத்தனார், வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும். அவன் வேலைய முடிச்சுட்டுப் போன மறுவாரம் கடல் காத்து அடிச்சுது. வீடு ஊளை விட ஆரம்பிச்சுது.

நான் தேடாத இடமில்ல. ஜன்னலக் கழட்டி மாட்டினேன். ஓட்ட ஒவ்வொண்ணா தட்டினேன். புகைபோக்கிக்குள்ள தலைய விட்டு ஒரு வாரம் கரியாவே தும்மினேன். எட்டு பேரு பாக்க வந்தாங்க. எட்டு பேருக்கும் வீடு பிடிச்சுது, சுவர் பிடிக்கல. ஒருத்தர் செருப்ப மாட்டறதுக்குள்ள ஓடிட்டாரு. தோரா ஒவ்வொருத்தருக்கும் கேக் வெட்டிக் கொடுத்து, அனுதாபமா தலையாட்டி அனுப்பி வைப்பா.

கடைசியில எனக்கு உறைச்சுது. விருந்து வைக்காத கஞ்சனுக்குக் கொத்தனாருங்க பாட்டிலக் காத்துக்கு வாய் காட்டி சுவத்துல பதிச்சுடுவாங்க, காத்தடிச்சா அது ஊளை விடும்னு சின்ன வயசுல கேள்விப்பட்டிருக்கேன். சரி, எய்னர் பழி வாங்கிட்டான்னு நெனைச்சேன். ஒண்ணரை வருஷம் கழிச்சு, போன இலையுதிர்காலத்துல, அவனக் கூப்பிட்டு, கொடி ஏத்தி, சாஸேஜ் சுட்டு, மன்னிப்பும் கேட்டு விருந்து வச்சேன். நல்லா தின்னான். வாசல்ல திரும்பி நின்னு, என்னப் பாத்து ரெண்டு வெரல நீட்டினான். இன்னும் ரெண்டு பீர் கேக்கறான்னு கொடுத்தேன். வாங்கிட்டுப் போயிட்டான்.

நீங்க வரீங்கன்னு இன்னைக்குக் காலையில ஏணியப் போட்டு மறுபடி ஏறினேன். காத்தே இல்ல. தோரா சர்ச்சுக்குப் போயிருந்தா. கூரை விளிம்புக்குக் கீழ, நிழல்ல, சாந்துக்குள்ள ஒரு வட்டம். நோண்டி எடுத்தேன். அதான் இது. திருப்பிப் பாருங்க. ஒட்டின தாள் பாதி இருக்குல்ல? பூச்சாறுன்னு எழுதியிருக்கு, பூவ ஊறவச்சு வீட்டுல போடற சர்பத்து, வருஷமும் போட்டிருக்கு. அந்த வளைஞ்ச எழுத்து எய்னரோடதில்லம்மா. முப்பத்தெட்டு வருஷமா மளிகைச் சீட்டுல நான் பாக்கற எழுத்து.

ஏணி மேலயே உக்காந்துட்டேன். கோவம் வரல. அசதிதான் வந்துச்சு. அங்கேர்ந்து பாத்தா அவ பாத்தி தெரியுது. இது மூணாவது வசந்தம். போன வாரம்தான் மொத தண்ட ஒடிச்சா. நின்ன எடத்துலயே கடிச்சா, சர்க்கரை கூடத் தொட்டுக்காம. புளிப்புல கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. அன்னைக்கு நான் ஜன்னல்லேர்ந்து பாத்து, இவளுக்கு என்ன ஆச்சுன்னு நெனைச்சேன்.

சர்ச்சுலேர்ந்து வந்தா. மேஜ மேல பாட்டிலப் பாத்தா. எடுத்துத் தொடைச்சு, வச்ச எடத்துலயே வச்சுட்டு, தோட்டத்துக்குப் போயிட்டா. சரி, பாட்டில எடுத்தாச்சு, வித்துடலாம்னுதான் உங்களுக்குக் கதவத் திறந்தேன். அப்பதான் காத்து எழும்புச்சு.

ஆமாம்மா. பாட்டில் இங்க இருக்கு. அங்க இன்னும் ஊதுது. எய்னர் ரெண்டு வெரல நீட்டினது பீருக்கு இல்ல.

இல்ல, நான் மறுபடி ஏற மாட்டேன். நாளைக்குக் கடைக்குப் போயி மஞ்சள் பெயிண்ட் வாங்கணும். உங்கள வீணா வரவச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. கதவ நான் பிடிக்கிறேன், பாத்துப் போங்க. வீட்ட வாங்கறீங்களா இல்லையான்னு நீங்க இன்னும் ஒரு வார்த்த சொல்லல. அதுக்குள்ள அங்க பாருங்க, தோரா ஒரு கட்டு ரூபார்ப்ப எடுத்துட்டுப் போயி உங்க கார் சீட்டுல வச்சுக்கிட்டிருக்கா.