ஆறாம் நம்பர் மிஷின்

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் என் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். மைக் பிடிப்பது இதுவே முதல் தடவை. நம் மெக்கானிக் அக்கா இருந்திருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து, "வாயாடி, சுருக்கமா முடி, டீ ஆறுது" என்றிருப்பார். இன்று அதைச் சொல்ல யார் இருக்கிறார்?

தையல் சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு. தையல் மிஷினைப் பழுது பார்க்கச் சொல்லித்தந்தவர் அக்கா ஒருவர்தான். பாத்திரம் தேய்த்தவள், குப்பை பொறுக்கியவள், புருஷன் விரட்டிவிட்டவள், எல்லோர் கையிலும் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தார். நான் அந்த மூன்றும்தான்.

எனக்கு வேலை கேட்டுப் போனபோது துணிக் கம்பெனி முதலாளி, "பொம்பள மெக்கானிக்கா? பெருக்குற வேலை இருக்கு, வரச்சொல்லு" என்றார். பெண் என்பதற்காக வேலை மறுக்கக் கூடாது என்ற சட்டம் அச்சடித்த தாளோடு அக்கா வாசலில் உட்கார்ந்து, உரக்க வாசித்தார். மூன்று நாள். கடைசியில் வாட்ச்மேனுக்கே அது மனப்பாடம். நான்காம் நாள் முதலாளியின் கார் நுழைந்தபோது வாட்ச்மேன்தான் ஒப்பித்தார். எனக்கு வேலை கிடைத்தது.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாலையில் வகுப்பு நடக்கும் கூடத்தைப் பூட்டும் முன் யாருக்கும் தெரியாமல் ஒரு மிஷினைக் கெடுத்துவைப்பார். காலையில் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டால், "என்னைக் கேக்காத. மிஷினைக் கேளு."

அவர் கடைசியாகக் கெடுத்தது ஆறாம் நம்பர். தையல் விட்டு விட்டு விழுகிறது. ஊசியைத் திருப்பி மாட்டியிருக்கிறார். முதல் நாள் பாடம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அக்கா இறந்ததிலிருந்து பதினோரு நாளாகத் தொடவில்லை. தினமும் தனியாகக் கூடத்தைத் திறக்கிறேன், அதன் முன்னால் உட்கார்கிறேன், "கண்டுபிடிக்க முடியலக்கா" என்று பொய் சொல்கிறேன். சரிசெய்துவிட்டால் அப்புறம் அக்காவிடமிருந்து எனக்கு என்ன பாக்கி இருக்கிறது?

வகுப்பை இனி யார் எடுப்பது என்று தலைவர் கேட்டபோது நான் குனிந்துகொண்டேன். யாரும் எடுக்காவிட்டால் கூடத்தை மூடிவிடுவார்கள் என்று தெரிந்தும் குனிந்துகொண்டேன்.

இன்று காலை, புதிதாகச் சேர வந்த பெண் ஒருத்தி ஆறாம் நம்பரில் உட்கார்ந்துவிட்டாள். "இதுல என்னக்கா கோளாறு?"

என் வாய் என்னைக் கேட்கவில்லை. "என்னைக் கேக்காத. மிஷினைக் கேளு."

ஒரு மணி நேரம் போராடி ஊசியைக் கழற்றிச் சரியான பக்கமாக மாட்டினாள். தையல் நேராக ஓடியது. நான் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

தலைவர் அவர்களே, இப்போது நிமிர்ந்து சொல்கிறேன். வகுப்பை நான் எடுக்கிறேன். இந்தக் கூட்டம் முடிந்ததும் நான்தான் பூட்டுவேன். பூட்டும் முன் ஒரு மிஷினைக் கெடுத்துவைப்பேன்.

எது என்று என்னைக் கேட்காதீர்கள்.